கண்ணும் பல்லும்

கை தட்டினார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் நம் வீடியோக்காரர் சங்கம் வைத்த பயிற்சி நாளுக்கு நானும் போயிருந்தேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். கூப்பிட்டார்கள், போனேன். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் உள்ளங்கையில் அடங்குகிற கேமரா ஒன்றைக் காட்டி, இனி யார் வேண்டுமானாலும் சினிமா எடுக்கலாம் என்றார். பிறகு பந்தியில் இலை போட வந்திருந்த ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்து நிறுத்தினார். நல்ல கறுப்பு, களையான முகம். பெரிய திரையில் அந்த முகம் வந்தது. அவர் ஏதோ ஒன்றைத் தொட்டார். கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பு போயிற்று, நெற்றிக் கோடு போயிற்று, நிறமும் போயிற்று. மைதா மாவைப் பிசைந்து வைத்தது போல ஒரு முகம் நின்றது. "இதுதாங்க சினிமாட்டிக் லுக்" என்றார். அரங்கமே கை தட்டியது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது செயலாளர் வந்து பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க சின்ன ஹேண்டிகேம்லயே சினிமா கணக்கா எடுத்தியன்னு சொல்லுதாங்க. நம்ம சங்க மலருக்கு அத எழுதித் தாங்க. நம்ம ஆளுகளுக்குப் பிரயோசனமா இருக்கும்."

எழுதிவிட்டேன். பிரயோசனம் உங்கள் பாடு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. நாலு வருடம் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்தேன், வயர் சுற்றினேன், மணப்பெண்ணின் பட்டு விளக்குச் சூட்டில் பொசுங்காமல் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் கேமராக்காரருக்குக் காய்ச்சல் வந்தது, கேமரா என் தோளுக்கு வந்தது. அவ்வளவுதான்.

படிப்பு குறைவு, பயம் அதிகம். பாட்டரி ஏறியிருக்கிறதா என்று வீட்டில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை, மண்டப வாசலில் ஒரு தடவை பார்ப்பேன். தாலி கட்டுகிற நேரத்தில் டேப் சிக்கிக்கொண்டதாகக் கனவு வரும். இன்றைக்கும் வருகிறது. தூத்துக்குடிக் காற்றோ இரும்பையே தின்கிற காற்று, கேமராவை விடுமா? துண்டில் சுற்றி, பாலிதீன் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டுத்தான் கொண்டுபோவேன். "உள்ள இருக்கது கேமராவா, கருவாடாவே?" என்று பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்டவர்கள் உண்டு.

எங்கள் ஸ்டுடியோ முதலாளி சத்தமே போடமாட்டார். தப்பு நடந்திருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியால் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிகிற வரை வாய் திறக்கமாட்டார். அதற்குள் நமக்குப் பாதி உயிர் போய்விடும். அப்புறம் மெதுவாக, "ராசு, படம் பளிச்சுன்னு இல்லியேப்பா" என்பார். பளிச். அவருக்கு இருந்த ஒரே அளவுகோல் அது. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பதை நாங்கள் மிக்சிங் என்போம். மிக்சிங் அறை டிவியில் வெளிச்சத்தையும் கலரையும் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தார். எந்தப் படத்தையும் அரை நிமிடம்தான் பார்ப்பார். கண் கூசினால் திருப்தி.

கெட்ட மனிதர் இல்லை. என் மூத்தவள் பிறந்தபோது ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு வந்து உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது அதை நான் நம்புவதில்லை.

சிடி வந்த காலத்தில்தான் கல்யாண வீட்டார் "சினிமா மாதிரி வேணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பட்டை போட்டால் சினிமாவாம்! ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா நெட்டையான ஆள், பட்டைக்குள் அவர் நெற்றி போய்விட்டது. "எங்க அய்யாவோட திருநீறு எங்கவே?" என்று குடும்பமே சிடியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தது. முதலாளி கண்ணாடியைத் துடைத்தார்.

பெரிய கேமரா பெரிய இடத்துக்கு, ஹேண்டிகேம் சின்ன இடத்துக்கு என்பது ஸ்டுடியோ வழக்கம். ஹேண்டிகேம் என் பொறுப்பு. பிள்ளைகளின் பிறந்தநாளை எடுக்க ஜனங்கள் வீட்டுக்கு வாங்குகிற கேமரா அது. அதில் சினிமா வருமா? நான் தியேட்டருக்குப் போய்க் கதையை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்தேன். மூன்று படம் பார்த்த பிறகு ஒன்று பிடிபட்டது. சினிமாவில் இருட்டு இருக்கிறது. முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். எங்கள் கல்யாண வீடியோவில் இருட்டே கிடையாது. எல்லாவற்றையும் விளக்குப் போட்டு விரட்டிவிட்டோம்.

மற்றதெல்லாம் கைப்பழக்கம். கேட்டீர்கள், சொல்கிறேன். முதலில் ஆட்டோவை அணைக்க வேண்டும். ஆட்டோ என்பது யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாத கேமரா. முகத்துக்கு முழுக்க ஜூம் பண்ணி, அந்த முகத்துக்கு எவ்வளவு வெளிச்சமோ அதை வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு பின்னால் வர வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் போய் எடுக்காதே. முப்பது நாற்பது அடி தள்ளி நின்று ஜூமில் இழுத்தால்தான் பின்னால் இருப்பது கரையும். ஆளையும் சுவரோடு ஒட்டி நிறுத்தக் கூடாது. கேமராவை முக்காலியில் வைத்துவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுகிற வரை கை வைக்காதே. வெயிலில் சின்னக் கேமரா ஷட்டர் வேகத்தைத் தானாகக் கூட்டிவிடும், ஆட்கள் நடப்பது வெட்டி வெட்டித் தெரியும். அதற்கு என் பழைய கூலிங் கிளாஸில் ஒரு கண்ணைக் கழற்றி லென்ஸ் முன்னால் டேப் போட்டு ஒட்டினேன். அந்தக் கண்ணாடி வழியாகவே வெள்ளைக் கைக்குட்டையைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லி வொயிட் பேலன்ஸ் வைப்பேன்.

கோட்டை விட்டதும் உண்டு. படம் மென்மையாக வரட்டும் என்று கொசுவலைத் துண்டைக் கட்டிப் பார்த்தேன், பெண்ணின் முகம் முழுக்கக் கட்டம். இன்னொரு தடவை கைக்குட்டையை மறந்துவிட்டு, வெள்ளைதானே என்று உப்புக் குவியலைக் காட்டி வொயிட் பேலன்ஸ் வைத்தேன். அப்போது சூரியன் அடையும் நேரம், உப்பு ஆரஞ்சாக நின்றது. அதுதான் வெள்ளை என்று கேமரா நம்பிவிட்டது. அந்தி முழுவதும் டியூப் லைட் வெளிச்சமாகப் பதிந்தது. உப்பென்றாலே வெள்ளை என்று நம் ஊர்க்காரன்தான் இப்படி ஏமாறுவான். அன்றிலிருந்து மூன்று மணி வெயிலிலேயே வைத்துப் பூட்டிவிடுவேன்.

இனி பேச்சிக்கனி கதை. நான் எழுத ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிற பெண். அப்பா சுடலைக்கும் அதே வேலை. மாப்பிள்ளை ஆறுமுகநேரி. முதலாளி கேமராவைக் கொடுக்கும்போதே சொன்னார். "சின்ன இடம் ராசு. ஆட்டோல போட்டுட்டு வா. பார்க்குல நாலு ஷாட்டு, பீச்சுல நாலு ஷாட்டு. போதும்."

கல்யாணத்துக்கு மறுநாள் மூன்று மணிக்கு, வழக்கப்படி அவர்கள் வீட்டு வாசலிலேயே கைக்குட்டையைக் காட்டி வொயிட் பேலன்ஸைப் பூட்டினேன். பார்க்குக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. அந்தப் பெண் ஏறவில்லை.

"அண்ணாச்சி, பார்க்கு வேண்டாம். எங்க அளத்துல வச்சு எடுங்க."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு. "எங்க ஊர்லயும் உப்புதாம்ளா. உப்பப் பாக்கவா இம்புட்டு தூரம் பொண்ணெடுத்தேன்?"

"நீங்க சும்மா இருங்க. அண்ணாச்சி, நான் ஒண்ணு சொன்னா சிரிக்கப்பிடாது."

"சொல்லுத்தா."

"எங்கூட உப்பு வாருத எஞ்சோட்டுக்காரி கல்யாண சிடில நானும் இருக்கேன். பந்தியில தண்ணி ஊத்துதேன். ஆளே தெரியல, கண்ணும் பல்லும்தான் தெரியுது. ஓட்டுக் கார்டுலயும் அப்படித்தான். தெருவே சிரிக்கு. எம் மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் ஒரு தடவ பாக்கணும். கண்ணாடில தெரியுத மாதிரி."

"அதுக்கு அளம் எதுக்கு?"

"வேற எங்கன நின்னாலும் கைய எங்க வைக்கன்னு எனக்குத் தெரியாது. அங்கன நின்னாத்தான் நிக்கத் தெரியும்."

நான் சிரிக்கவில்லை. அந்தச் சிடியை எடுத்தவன் நான்.

அளத்துக்குப் போய்ச் சேர நாலரை மணி. உப்பளத்தில் படம் எடுக்கிற எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மலை மாதிரி உப்புக் குவியலைப் பின்னால் வைத்து, இருவரையும் முன்னால் நிறுத்தினேன். பார்க்கக் காஷ்மீர் மாதிரி இருக்கும் என்று நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்வோம். முதலாளி சொன்னாரே என்று ஆட்டோவிலும் போட்டேன். எடுத்து முடித்ததும் அவள் ஓடி வந்து கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள். உப்பு வெள்ளையைப் பார்த்து மிரண்ட கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்திருந்தது.

"அதே கண்ணும் பல்லும்" என்றாள். அழவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது.

அவள் திரும்பி, குவியலுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவைக் கூப்பிட்டாள். "எய்யா, அந்தத் தண்ணி பாட்டில எடுத்துட்டு வாங்க." திரும்பிய அந்த ஒரு கணத்தில் உப்பில் பட்ட வெயில் அவள் முகத்தில் வந்து விழுந்ததைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் சூரியன், முன்னால் உப்பு. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை முகம் தெரிந்தது. முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிட இத்தனை வருடம் தெர்மகோல் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். இங்கே ஊர் முழுக்க வெள்ளைப் பலகை மலையாகக் கிடக்கிறது, அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் காஷ்மீர் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் திருப்பினேன். உப்புக் குவியல் கேமராவுக்குப் பின்னால். அவள் குவியலைப் பார்த்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில் பனையோலை வேய்ந்து மூடிய பழைய குவியல், அதன் நிழல் பக்கம் எங்களைப் பார்த்திருக்கிறது, கருகருவென்று. நான் பாத்தி வரப்பிலேயே பின்னால் நடந்து குவியலின் அடியில் முக்காலியை ஊன்றினேன். எதிர்வெயில் லென்ஸில் அடிக்காமல் இருக்கக் கறுப்புத் தாள் ஒட்டிய அட்டையை மேலே பிடித்தேன். அவள் கன்னத்துக்கு ஜூம் பண்ணி வெளிச்சத்தைப் பூட்டினேன். மேகம் வந்துவிட்டால்? பாட்டரி? பத்து எண்ண வேண்டியதை முப்பது வரை எண்ணினேன்.

அவள் வந்து பார்த்தாள். கறுப்புதான். ஆனால் அந்தக் கறுப்புக்குள் எத்தனை நிறம்! கன்ன எலும்பில் செம்பு, கண்ணுக்குக் கீழே ஊதா, மூக்குத்தி ஒரு பொட்டு நெருப்பு. பின்னால் ஓலை கரைந்துபோய் முகம் தனியாக நின்றது.

"மச்சம்கூடத் தெரியுதே" என்றாள்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஏளா, நீ இம்புட்டு அழகா?" என்றான்.

"நேத்துத் தாலி கட்டும்போது கண்ண மூடிக்கிட்டா கட்டுனிய?"

என் தொழிலில் நான் எடுத்த ஒரே சினிமா அந்த முப்பது எண்ணிக்கை.

மிக்சிங் அறையில் முதலாளி அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"ராசு, பிள்ள கறுப்பா இருக்கே."

"கறுப்புதான் அண்ணாச்சி."

"கறுப்புன்னா கறுப்பாவா காட்டுவாங்க? கல்யாண வீடுப்பா. பளிச்சுன்னு வேணும்லா."

கம்ப்யூட்டரில் ஒரு கோடு மேலே நகர்ந்தது, இன்னொரு கோடு பக்கவாட்டில் நகர்ந்தது. செம்பு போயிற்று, ஊதா போயிற்று, மச்சம் போயிற்று. மேலும் கீழும் பட்டை விழுந்தது. "அந்தப் பிள்ள கேட்டது என்னன்னா அண்ணாச்சி..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். கேமராவை என்னிடமிருந்து வாங்கிவிட்டால்? திரும்ப விளக்குப் பிடிக்கச் சொன்னால்? இதைத்தான் டீக்கடையில் நின்று யோசித்தேன். அவளைப் பற்றி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிடி போட்டுக் காட்ட அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெருவே உள்ளே நிறைந்திருந்தது. திரையில் அந்த இடம் வந்தது. சுண்ணாம்பு அடித்த முகம், ரோஸ் நிறக் கை, கண் மட்டும் அவளுடையது. அடித்தார்கள் பாருங்கள் கை! "ஏளா பேச்சி, பவுடர் டப்பாவையே கவுத்துட்டியாளா!" "சினிமாக்காரி தோத்தா போ!" சுடலைக்கு ஆனந்தத்தில் வாய் மூடவில்லை. அவள் மட்டும் எனக்குக் குடிக்கக் கலர் சோடா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அந்தச் சின்ன டப்பாவுல பாத்தேன்லா. அது எங்க?"

"டிவில அப்படித்தாம்மா தெரியும்" என்றேன்.

"அப்படியா" என்றாள். நம்பிவிட்டாள். கலரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சிடி கொடுத்த பிறகு டேப்பை அடுத்த கல்யாணத்துக்கு எடுப்பது ஸ்டுடியோ வழக்கம். பழைய முகத்தின் மேல் புது முகம் பதியும். அந்த ஒரு டேப்பை மட்டும் நான் விடவில்லை. அழியாமல் இருக்க அதன் முதுகில் உள்ள சின்னக் கதவைத் தள்ளிவிட்டு, லேபிளில் "பழுது" என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரிய தியாகம் போல இதை வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி நாளில் அந்தப் பெண் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள் அல்லவா, வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். டேப் இருந்தது. அதை ஓட்டுகிற கேமரா ஊரில் இல்லை. ஆழ்வார்திருநகரியில் ஒரு பழைய சிநேகிதரிடம் இருந்தது. முதல் சில நிமிடம் கோடு கோடாக ஓடி, அப்புறம் படம் தெளிந்தது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலையே முத்தையாபுரம் பஸ் ஏறினேன்.

பேச்சிக்கனி புருஷனோடு அங்கேயேதான் இருக்கிறாள். இப்போதும் உப்பு வாருகிறாள். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. கேமராக்காரன் என்றதும், "அட, கருவாட்டுப் பை அண்ணாச்சியா!" என்று நாற்காலி போட்டாள். நான் பென் டிரைவைச் செருகி டிவியில் போட்டேன்.

முப்பது எண்ணிக்கையும் ஓடி முடிந்தது. பெரிய டிவியில் சின்ன டப்பாவில் தெரிந்தது போலவே தெரிந்தது. அவள் எழுந்துபோய்த் திரையில் மச்சம் இருந்த இடத்தைத் தொட்டாள்.

"இத எங்கன வச்சிருந்திய?"

"பீரோவுல."

"இத்தன வருசமாவா?"

"ஆமா."

"எம் மூஞ்சிய ஒங்க பீரோவுல வச்சுப் பூட்டிக்கிட்டு, எனக்கு எவ மூஞ்சியையோ தந்துட்டுப் போயிருக்கிய. டிவில அப்படித்தான் தெரியும்னு வேற சொன்னிய."

அவளுக்கு நினைவு இருந்தது. முதலாளி மேல் பழியைப் போடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. போடவில்லை.

அவள் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏளா, எல்லாரும் இங்கன வாங்க! அன்னைக்குக் கை தட்டுனியள்லா, இப்ப வந்து பாருங்க!"

வந்தார்கள். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இருப்பார்கள், புதிதாகச் சிலர். மறுபடியும் போடச் சொன்னாள், போட்டேன். ஒருவரும் கை தட்டவில்லை. மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு அம்மா, திரையையும் பேச்சிக்கனியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவளத்தான எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்ப அன்னைக்கு ஒங்க சிடில நின்னவ யாரு அண்ணாச்சி?"